ராணுவத் தாதியரின் ஆய்வுக்குத் தனி நிதி வேண்டும்

மலேசிய ஆயுதப்படைச் சுகாதாரச் சேவையை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து தாதிமைத் தொழிலுக்கு வந்தவர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். ராணுவத் தாதியர் தாங்களே கேள்வி எழுப்பி, தாங்களே அளந்து விடை காண, ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி வேண்டும். டாக்டர்களின் ஆய்வுக்கு ஒட்டாக இல்லாமல், தனித் தலைப்பில்.

அமெரிக்கா இதை 1992இல் தொடங்கியது. தரை, கடல், வான் என மூன்று படைத் தாதியருக்கும் பொதுவான திட்டம். முதல் ஒதுக்கீடு ஒரு மில்லியன் டாலர். 1996இல் அதற்குச் சட்டப்படி நிலையான இடம் கிடைத்தது. அந்த இரண்டாவது படிதான் முக்கியம். ஒரு நல்ல ஆய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த ஆண்டு பணம் வருமா என்று தெரியாமல் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

தாதியருக்கென்று தனிக் கேள்விகள் உண்டா என்று கேட்பவர்களுக்கு வெப்பத் தாக்கையே காட்டலாம். நீண்ட நடைப்பயிற்சியில் ஒரு பயிற்சி வீரர் தள்ளாடி விழுகிறார், பேச்சு குழறுகிறது. அக்குளில் வைத்த தெர்மோமீட்டர் 38.5 டிகிரி காட்டினாலும் ஆசனவாயில் 41 இருக்கலாம். வியர்வை தோலைக் குளிர்வித்திருக்கும், உடம்புக்குள் கொதிக்கும். உள்வெப்பம் 40ஐத் தாண்டி மூளையும் தடுமாறினால், அரை மணி நேரத்துக்குள் 39க்குக் கீழே இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆம்புலன்ஸ்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மிச்சமெல்லாம் தாதியின் கைவேலை. ஐஸ் தண்ணீரில் நனைத்த பெட்ஷீட்டால் உடம்பைச் சுற்றினால் சில நிமிடங்களிலேயே துணி சூடேறிவிடும். மாற்றாமல் விட்டால் அதுவே போர்வையாகிவிடும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுவது? ஒருவருக்கு எத்தனை ஷீட், எத்தனை கிலோ ஐஸ்? காலை ஏழு மணிக்கு நிரப்பிய பெட்டியில் பதினோரு மணிக்கு எவ்வளவு மிஞ்சும்? தண்ணீர் தெளித்து விசிறுவது வறண்ட நாட்டில் நன்றாகப் பலிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, சூடும் இறங்காது. ஆகவே வெளிநாட்டு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதன் முதல் கட்டத்துக்கு நோயாளியே தேவையில்லை. வெந்நீர்ப் பைகளின் மேல் ஷீட்டைப் போர்த்தி, இடையில் வெப்பமானி வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தால் போதும். இரண்டாம் கட்டத்தில், உண்மையில் விழுந்தவர்களுக்கு ஆசனவாயில் 15 சென்டிமீட்டர் உள்ளே செல்லும், வளையக்கூடிய வெப்பமானி (புரோப்) வைத்துத் தொடர்ந்து அளக்க வேண்டும். 38.9இல் குளிர்விப்பை நிறுத்தாவிட்டால் வெப்பம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். இந்த விடை முகாமுக்குள்ளேயே தங்கிவிடாது. உச்சிவெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் இதே ஷீட்டும் இதே ஐஸும்தான்.

விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோவது இன்னொரு களம். மூச்சுவிட உதவ மூச்சுக்குழாய்க்குள் செருகும் குழலைச் சுற்றி, இடைவெளியை அடைக்க ஒரு சிறு காற்றுப் பலூன் இருக்கும். அதில் தரையில் 25 சென்டிமீட்டர் நீரழுத்தம் வைத்தோம் என்று கொள்ளுங்கள். கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு நிகராக இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். அழுத்தம் 30 என்ற வரம்பைத் தாண்டி, குழாய்ச் சுவருக்கு ரத்தம் போவது தடைபடும். ஏறும்போது காற்றைக் குறைத்தவர் இறங்கும்போது மறுபடி நிரப்ப மறந்தால், பலூன் தளர்ந்து எச்சில் நுரையீரலுக்குள் கசியும். சபா, சரவாக்கிலிருந்து வரும் நீண்ட பயணங்களில் எந்தெந்த நேரத்தில் அளப்பது, இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் கேட்காதபோது எதை நம்புவது என்பதெல்லாம் தாதியர் எழுதித் தர வேண்டிய நடைமுறைகள்.

எலிச்சிறுநீர்க் காய்ச்சல் தோட்டத்துக்கும் காட்டுப் பயிற்சிக்கும் பொது எதிரி. பனாமாவில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து எடுத்தவர்களில் ஒரே ஒருவருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. மருந்து பலிக்கும். வெறும் வயிற்றில் விழுங்கி வாந்தி எடுத்தவர் அடுத்த வாரம் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்துவிடுகிறாரா என்று பார்ப்பது தாதியர் ஆய்வு.

இப்படிப்பட்ட ஆய்வுகள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் பணி மாற்றமே காரணம். பாதி ஆய்வில் தலைமை ஆய்வாளருக்கு மாற்றல் ஆணை வந்துவிடும். தரவு அலமாரியில் தூங்கும். தொடக்கத்திலேயே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இணை ஆய்வாளர்களைப் பெயர் குறித்து வையுங்கள்; அவர்களில் ஒருவர் ராணுவத்தைச் சேராத பல்கலைக்கழக ஆசிரியராக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளை ஆய்வுக்கென்று பணிப்பட்டியலிலேயே எழுதுங்கள். வார்டில் ஆள் குறைந்தால் முதலில் பறிபோவது அந்த நாள்தான். அதற்கு மாற்று ஆளின் சம்பளத்தையும் நிதியில் சேருங்கள்.

சம்மதம் வாங்குவதில் எங்களுக்கு உண்மையான கவலை உண்டு. வரிசையில் நிற்கும் பயிற்சி வீரரிடம் மேலதிகாரி "கலந்துகொள்கிறாயா?" என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் வரும். ஆய்வை விளக்கும் இடத்தில் அதிகாரியோ பயிற்றுநரோ இருக்கக் கூடாது. சீருடை அணியாதவர் விளக்கட்டும். படிவத்தை முதல் நாளே கொடுத்து, மறுநாள் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்கட்டும். விலகியவர் யார் என்ற பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் பிரிவு அலுவலகத்துக்குப் போகக் கூடாது.

முதல் ஆண்டுக்கு மூன்று ஆய்வுகள் போதும்: லூமூட், தெரெண்டாக், வங்சா மாஜு ராணுவ மருத்துவமனைகளில் ஒவ்வொன்று. விண்ணப்பம் மலாய் மொழியில் மூன்று பக்கத்துக்குள் இருக்கட்டும். பட்டம் இல்லாத டிப்ளோமா தாதியும் அனுப்பலாம் என்று அறிவிப்பிலேயே தெளிவாகப் போடுங்கள். கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
பகாவ் வட்டாரத் தாதியர் சிலர்