புத்தகப்பை வழங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்கட்கு,

கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பாடசாலைகளில் புத்தகப்பை வழங்கும் நிகழ்வுகள் நடைபெறுவதும் அவற்றின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருவதும் வழமை. புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர்களும் செய்யும் இவ்வுதவி பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆயினும், தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளைக்கும் தரம் பதினொன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதவுள்ள மாணவனுக்கும் ஒரே அளவான பை கொடுக்கப்படுவதைப் பல இடங்களில் காண்கிறோம். கடையில் வாங்கும் பெற்றோராகிய நாங்களும் “வளர வளரப் பாவிக்கலாம்” என்று பெரியதையே தெரிவு செய்கிறோம்.

பையின் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அதற்கும் கீழே தொங்கினால் பாரம் பின்னோக்கி இழுக்க, பிள்ளை விழாமல் இருப்பதற்காக உடலைச் சாய்த்து, கழுத்தை முன்னே நீட்டி நடக்கிறது. நெஞ்சருகே இரு வார்களையும் கைகளால் பற்றி இழுத்தபடி செல்லும் சிறுவர்களை மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். தோள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை என்பதையே அது காட்டுகிறது. வளர்ந்த மாணவர்கள் ஒற்றைத் தோளில் மாட்டுவதை ஒரு நாகரிகமாகவே ஆக்கிவிட்டார்கள். இரு வார்களையும் மாட்டி, பை முதுகோடு ஒட்டியிருக்கும்படி இறுக்கி, பாரமான புத்தகங்களை முதுகுப் பக்கமாக அடுக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பையின் நிறை பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் பாடசாலைப் பைக் கொள்கை கூறுகிறது. அவ்வாறாயின் 25 கிலோ நிறையுள்ள பிள்ளை இரண்டரைக் கிலோவையே சுமக்கலாம். வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஒரு லீற்றர் தண்ணீரே அதில் ஒரு கிலோவை எடுத்துக்கொள்கிறது. எமது அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல்களில் கணிதம், விஞ்ஞானம் போன்றவை பகுதி பகுதியாகப் பிரித்து அச்சிடப்பட்டிருந்தும் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சுமந்து செல்லும் பிள்ளைகள் உளர். நேரசூசியைப் பார்த்து இரவிலேயே பையை அடுக்கினால் இதில் பெரும்பகுதி குறையும். பாடசாலை விட்டதும் அதே பையுடன் ரியூஷனுக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக, வகுப்பறையில் பூட்டக்கூடிய அலுமாரி ஒன்றையேனும் அதிபர்கள் ஒழுங்கு செய்தல் நன்று.

சைக்கிளில் செல்வோர் பையை ஹாண்டிலில் தொங்கவிடுவது முதுகுக்கு நல்லதென்றாலும் திருப்பும்போது ஆபத்தானது. பின்கரியரில் ரியூப் பட்டியால் இறுகக் கட்டுவதே மேல்.

புத்தகப்பையால் முதுகெலும்பு நிரந்தரமாகக் கோணிவிடும் என்று பெற்றோரை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் தோள் நோ, கழுத்து நோ, கை விறைப்பு என்று பிள்ளை சொன்னாலோ, தோளில் வார் பதிந்த சிவந்த தடம் தெரிந்தாலோ, பையைத் திறந்து பார்ப்பதும் நோ தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுவதும் எமது கடமை.

உதவி செய்வோரிடம் என் வேண்டுகோள் இதுதான். பைகளுக்குக் கட்டளை கொடுக்குமுன் தரவாரியான மாணவர் தொகையை அதிபரிடம் கேட்டறிந்து, சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளில், அகன்ற, பஞ்சு வைத்த வார்களுடன் வாங்குங்கள். அன்பளிப்பாளரின் பெயரை எந்த அளவுப் பையிலும் அச்சிடலாம்.

இங்ஙனம்,
ஒரு பெற்றோர்,
மல்லாவி.