மோதிரத்தின் வயதும் கல்லின் வயதும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, லண்டனின் நகைத் தெருவான ஹாட்டன் கார்டனில் ஒரு கடையில் 1930களுடையது என்று சொல்லி வைத்திருக்கும் பிளாட்டின மோதிரம். நடுவில் இரண்டு காரட் மாணிக்கம், சுற்றிலும் சிறு வைரங்கள், இரு தோள்களிலும் சதுரம் சதுரமாகத் தீட்டி இடைவெளியில்லாமல் அடுக்கிய குட்டிச் சிவப்புக் கற்கள். மற்றது புதிது, மொசாம்பிக் கல், ஒன்றரைக் காரட், சான்றிதழோடு. உன் மனம் பழையதன் பக்கம் சாய்ந்துவிட்டது நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது. சாயட்டும். ஆனால் மோதிரம் பழையது என்பதால் அதில் இருப்பது பூமியில் விளைந்த கல்தான் என்று முடிவுகட்டிவிடாதே. மோதிரத்தின் வயது வேறு, கல்லின் பிறப்பு வேறு.

செயற்கை மாணிக்கம் நேற்று வந்ததல்ல. பாரிஸில் வெர்னெய் என்ற வேதியியலாளர் தன் முறையை 1902இல் வெளியிட்டார். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடியில் சிறிதளவு குரோமியம் ஆக்சைடு கலந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியாகக் கொட்டுவார்கள். 2000 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட அந்தச் சூட்டில் பொடி உருகி, கீழே சுழலும் தண்டின்மேல் சொட்டுச் சொட்டாக உறையும். சில மணி நேரத்தில் குண்டான ஒரு கல்லாக வளர்ந்துவிடும். வேதியியல்படி அது மாணிக்கமேதான், கண்ணாடி அல்ல. அடுத்த பத்தாண்டுக்குள் ஐரோப்பியப் பட்டறைகள் பலவற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆகவே 1910க்குப் பின் செய்த நகையில், செய்த நாளிலேயே பதித்த செயற்கைக் கல் இருக்கலாம். மோசடி என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது ஒரு புதுமை. தோள்களில் வரிசையாக நிற்கும் சதுரக் கற்களுக்கு ஒரே நிறம், ஒரே அளவு வேண்டும் என்பதால் பட்டறைக்காரர்களுக்கு அது மிகவும் வசதியாகவும் இருந்தது. நீ பார்த்த மோதிரத்தின் தோள்கற்களைச் செயற்கை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசு. இயற்கை என்று தெரியவந்தால் லாபம்.

நடுக்கல்தான் விஷயம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். முதலில் கல்லை மேலிருந்து பார்க்காதே. மோதிரத்தைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி பார். வெர்னெய் கல்லின் உச்சி வளைவாக இருக்கும்போதே அடுக்கடுக்காக வளர்வதால், உள்ளே கோடுகள் இசைத்தட்டின் வரிகள் போல வளைந்து ஓடும். உருண்டைக் குமிழிகளும் இருக்கும், தனியாகவோ கூட்டமாகவோ. இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணமாகத் திரும்பும். அதோடு மெல்லிய ஊசிகளாக ரூட்டைல் என்ற கனிமம், கைரேகை போலப் படர்ந்த நீர்க்குமிழ்த் தடங்கள், சின்னச் சின்ன வேற்றுப் படிகங்கள் தெரியும். அழுக்கு என்று நீ நினைக்கும் இவைதான் கல்லுக்குப் பிறப்புச் சான்று. இரண்டு காரட்டில் உள்ளே ஒன்றுமே இல்லாத சுத்தமான சிவப்பு, அதுவும் எட்டும் விலையில் என்றால், சந்தேகப்படு. வளைந்த கோடுகள் பழகாத கண்ணுக்கு எளிதில் அகப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணவில்லை என்பதை வைத்து இயற்கை என்று தீர்மானிக்கக் கூடாது.

கடைக்காரர் புறஊதா டார்ச்சை எடுத்து அடிப்பார். கல் செக்கச்செவேலென்று கனலும். பார்க்க அழகு, சாட்சியாக ஒன்றுக்கும் உதவாது. கனலச் செய்வது குரோமியம், அணைப்பது இரும்பு. பர்மாவின் மோகோக் பகுதிக் கற்கள் சலவைக்கல் பாறையில் விளைந்தவை, இரும்பு குறைவு, ஆகவே நன்றாகக் கனலும். தாய்லாந்துக் கற்கள் எரிமலைப் பாறையோடு வந்தவை, இரும்பு அதிகம், மங்கலாகவே இருக்கும். செயற்கைக் கல்லில் இரும்பே இருக்காது. அது எல்லாவற்றையும்விட அதிகமாகக் கனலும்.

மாணிக்கமே அல்லாத சிவப்புக் கற்களும் பழைய நகையில் உண்டு. லண்டன் கோபுரத்தில் அரச மகுடத்தின் முன்புறம் பார்த்திருப்பாயே, ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’, அது ஸ்பினெல் என்ற வேறு கல். ஒளிவிலகல் எண்ணை அளந்தால் மாணிக்கம் 1.762 முதல் 1.770 வரை காட்டும், ஸ்பினெல் 1.718 அளவில் நிற்கும். ஒரு நிமிட வேலை. கடையில் அந்தக் கருவி இருந்தால் உன் கண்முன் வைத்துக் காட்டச் சொல், தயங்காதே. இன்னொன்று ஒட்டுக்கல்: மேலே கார்னெட் என்ற இயற்கைக் கல்லின் மெல்லிய தகடு, கீழே சிவப்புக் கண்ணாடி. விக்டோரியா காலத்து நகைகளில் நிறைய. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு ஒரு கோட்டில் சட்டென்று மாறும். அந்தத் தளத்தில் குமிழிகள் பரவியிருக்கும்.

இனி மோதிரம் உண்மையிலேயே 1930களுடையதா என்பது. பிளாட்டினத்துக்கு இங்கிலாந்தில் அரசு முத்திரை வந்தது 1975இல்தான். அதற்கு முந்தைய மோதிரத்தின் உட்புறத்தில் ‘18 சிடி’, ‘பிளாட்’ என்று செய்தவர் அடித்த எழுத்து இருக்கும், அவ்வளவே. பிளாட்டினத்துக்கு உரிய அரசு முத்திரை தெளிவாக இருந்தால் 1930 என்ற கதையைச் சந்தேகப்படு. அந்தக் காலத்துச் சிறு வைரங்கள் பெரும்பாலும் மேலும் கீழும் எட்டெட்டுப் பட்டை மட்டும் வைத்துத் தீட்டியவை. எல்லாமே இன்றைய முழுப்பட்டை வைரங்களாக இருந்தால் பழைய பாணியில் வார்த்த புது மோதிரமாக இருக்கலாம். கல்லுக்கு அடியில் உள்ள சல்லடை வேலையைப் பார். கையால் அறுத்ததில் ரம்பத்தின் தடம் இருக்கும், ஓட்டைகள் ஒன்றுபோல் இருக்காது. வார்த்ததில் ஊசிக்குத்துப் போன்ற பள்ளங்கள். விளிம்பில் மணிமணியாக ஓடும் வரிசை தொண்ணூறு ஆண்டு விரலில் கிடந்திருந்தால் சில இடங்களில் தேய்ந்துதான் இருக்க வேண்டும்.

மோதிரம் பழையதாக இருந்தும் நடுக்கல் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம். இதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. 1885 போருக்குப் பின் மேல்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1889இல் மோகோக் சுரங்கங்களுக்கென்றே லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதனால் அந்தக் காலத்து ஆங்கிலேய நகையில் பர்மா கல் இருப்பது இயல்பு. இன்றைய நிலை வேறு. அமெரிக்கா 2008 முதல் 2016 வரை பர்மா மாணிக்கத்தை உள்ளே விடவில்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்நாட்டு அரசு ரத்தின நிறுவனத்தின்மேல் மறுபடி தடை வந்தது. புதிதாக வெட்டிய பர்மா கல்லைத் தொடப் பல பெரிய நகை நிறுவனங்கள் தயங்குகின்றன. ஆகவே ‘இது பழைய கல், அந்தக் காலத்திலேயே வந்தது’ என்று சொல்ல முடிந்தால் கல்லின் மதிப்பே மாறிவிடும். அதைச் சொல்ல வசதியாக ஒரு பழைய மோதிரம் அகப்பட்டால் புதுக் கல்லை அதில் ஏற்றிவிடுவார்கள். கல்லுக்கும் அதைத் தாங்கும் கூட்டுக்கும் இடையே இடுக்கு இருக்கிறதா, பிடிக்கும் நகங்கள் மட்டும் புதுசாகப் பளிச்சிடுகின்றனவா, கூடு நீள்வட்டமாக இருக்கக் கல் மூலை மழுங்கிய சதுரமாக, மெத்தை வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். பழைய வெட்டில் மேற்பகுதி உயரமாக, பட்டைகள் கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். அளவெடுத்தது போன்ற சமச்சீர் இருந்தால் தீட்டியவர் இந்தக் காலத்தவர். எந்த நாட்டுக் கல் என்பதைக் கண்ணால் சொல்கிற எவரையும் நம்பாதே. சோதனைச் சாலையே அதை ‘கருத்து’ என்றுதான் எழுதும்.

புது மோதிரத்தை அவ்வளவு அலட்சியமாக எழுதியிருக்கிறாய். மொசாம்பிக்கின் மொண்டெபுயெஸ் பகுதியில் மாணிக்கம் கிடைத்தது 2009இல்தான். அதற்கு முன் ஒரே நிறத்தில் பத்துக் கற்கள் சேர்க்கவே பல வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போது ஒரு கழுத்தணி முழுக்க மாணிக்கமாகவே செய்ய முடிகிறது. இன்றைய வடிவமைப்பாளர்கள் சிவப்பை இவ்வளவு தாராளமாகக் கையாள்வதற்கு அந்த மண்தான் காரணம். இரண்டாந்தரம் என்ற பேச்சும் எடுபடாது: 2023இல் நியூயார்க் ஏலத்தில் 55.22 காரட் மொசாம்பிக் கல் ஒன்று 3.48 கோடி டாலருக்குப் போனது.

அந்தச் சான்றிதழில் சூடேற்றியது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு அனுப்பு. சந்தைக்கு வரும் மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடு கண்டவை. நீலச் சாயலும் பனிப்படலமும் நீங்கச் சூளையில் வைக்கிறார்கள். ஊசிகள் கரைந்து கல் தெளிகிறது. வெறும் சூடு என்றால் நிரந்தரமானது, வாங்கலாம். வெண்காரம் சேர்த்துச் சுட்டால் விரிசல்களில் கண்ணாடிபோல் ஒரு எச்சம் தங்கும். அது சொற்பமா, மிதமா, அதிகமா என்று அறிக்கையில் தரம்பிரித்து எழுதியிருக்கும். சொற்பம் என்றால் பரவாயில்லை, விலையைக் குறை. அதிகம் என்றால் விட்டுவிடு. சூடே காணாத நல்ல கல்லுக்கு அதே அழகுள்ள சூடு கண்ட கல்லைவிடப் பல மடங்கு விலை கேட்பார்கள். உனக்குக் கையில் போட மோதிரம் வேண்டும். அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லைக் கையாலும் தொடாதே. விரிசல் மயமான மட்டக்கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி மாணிக்கம் என்று விற்கிறார்கள். லென்ஸில் ஆட்டிப் பார்த்தால் விரிசல்களில் நீலமாக ஒரு மின்னல் ஓடும், தட்டையான குமிழிகள் தெரியும். எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். பற்றவைக்கும் சுடர் பட்டால் கண்ணாடி உருகி விரிசல்கள் வாய் திறக்கும்.

நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காதே. மஞ்சள் ஒளியில் எல்லாச் சிவப்பும் எரியும். வாசலுக்கு எடுத்துப் போய் மேகமூட்டப் பகல் ஒளியில் பார், லண்டனில் அதற்குப் பஞ்சமில்லை. நடுவில் வெளுத்து, கல் வழியே விரல் தெரிந்தால் அடிப்பகுதி ஆழமில்லாமல் தீட்டியது. பாதிக் கல் கறுத்துப் போனால் ஆழம் மிகை, அல்லது நிறம் அளவுக்கு மிஞ்சியது. ரோஜா நிறத்துக்குச் சாய்ந்த கல்லை ஒரு சோதனைச் சாலை மாணிக்கம் என்று சொல்லும், இன்னொன்று இளஞ்சிவப்பு சபையர் என்று சொல்லும். அந்த எல்லையில் நிற்கும் கல்லை மாணிக்க விலைக்கு வாங்காதே.

உன் விரலுக்கு அளவு மாற்ற வேண்டுமென்றால் பழைய மோதிரத்தில் கவனம் தேவை. தோள்வரை கற்கள் நெருங்கிப் பதித்திருப்பதால், வளையத்தை இரண்டு அளவுக்கு மேல் விரித்தாலோ சுருக்கினாலோ சதுரக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி உடையும், அல்லது கழன்று விழும். விழுந்தால் கடையில் அதே அளவில் கல் கிடைக்காது. அந்தக் குழிக்கென்று அளவெடுத்துத் தீட்ட வேண்டும். செயற்கைக் கல்தான் என்று தெரிந்தால் அளவை எனக்கு அனுப்பு. திருச்சியில் அந்த வேலை தலைமுறைகளாக நடக்கிறது. நகத்தைப் பற்றவைக்கக் கொடுத்தால் ஒன்றைச் சொல்லிக் கொடு: கல்லின்மேல் வெண்காரமோ போரிக் அமிலமோ படக் கூடாது. வைரத்தைக் காக்கப் பூசும் அதே பூச்சு சூட்டில் மாணிக்கத்தின் மேற்பரப்பை அரித்து மங்கலாக்கிவிடும். சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்வதே நல்லது.

வீட்டில் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், துளி சோப்பு, குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் போதும். கடையில் நகை கழுவும் அதிர்வுத் தொட்டியில் போட விடாதே, விரிசல் நிரப்பிய கல்லாக இருந்தால் வீணாகும். பாட்டியின் கெம்பு அட்டிகையை மட்டும் நனைக்காதே; அது பின்பக்கம் மூடிய கட்டு, அடியில் தாள் இருக்கிறது, ஈரம் இறங்கினால் தாள் கறுத்துக் கல் செத்துப்போகும். மோதிரத்தை வைரத் தோட்டோடு ஒரே பெட்டியில் போடாதே. மாணிக்கம் கடினத்தில் 9 என்றாலும் வைரம் கீறும், பட்டைகளின் ஓரம் மழுங்கும்.

என் யோசனை இது. பழைய மோதிரத்துக்கு முன்பணம் கொடு. மீதியை ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், குபெலின் ஆகிய ரத்தினச் சோதனைச் சாலைகளில் ஒன்றின் அறிக்கை வந்தபின் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள். ரசீதில் ‘இயற்கை மாணிக்கம்’ என்ற சொல்லும் சூடேற்றிய விவரமும் இருக்க வேண்டும். வெறும் ‘மாணிக்க மோதிரம்’ போதாது. இணையம் வழியாக வாங்கினால் பதினான்கு நாளில் திருப்பித் தர அங்கே சட்டம் உண்டு. கடையில் நேரில் வாங்கினால் அந்த உரிமை தானாக வராது, கேட்டு எழுதி வாங்கு. நடுக்கல் செயற்கை என்று வந்தாலும் மோதிரத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அந்தக் கைவேலை இப்போது செய்யக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. பிளாட்டினம், வைரம், வேலை, இவற்றுக்கு மட்டும் விலை போடு. கல்லுக்கு ஒன்றும் சேர்க்காதே. கடைக்காரர் இறங்கி வரவில்லையென்றால் மொசாம்பிக் கல்லை எடுத்துக்கொள்.

உன் விரல் அளவு கோடையில் ஒன்று, குளிரில் ஒன்றாக இருக்கும். மாலையில் அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா