அப்பாவைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோன அத்தனை பேருக்கும்

பெயர் சொல்லி நன்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதிப் பேருடைய பெயரே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தெரிந்த மீதிப் பேரும் "என் பேரெல்லாம் போடாதக்கா" என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் யாருக்கும் பெயர் போடவில்லை. படிக்கும்போது "அட, இது நான்தானே" என்று தோன்றினால் அது நீங்கள்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். 2024 ஜூலையில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்து நான்கு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு மனுஷன் கட்டிலை விட்டு எழ மறுத்துவிட்டார். வலி பாதி, பிடிவாதம் பாதி. எங்கள் வீடு பெங்களூரு அல்சூரில், ஜோகுபாளையா பக்கம். வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

முதல் நன்றி, வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கச்சிக்கு. முதல் பத்து நாள் அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, காலை மடக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நீதான் சுவரில் இருந்த பழைய குரூப் போட்டோவைப் பார்த்து, "தாத்தா, இதுல நீங்க யாரு?" என்று கேட்டாய். ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் டிபார்ட்மென்ட் டீமுக்கு ஃபுட்பால் ஆடிய காலத்துப் படம் அது. அன்றைக்கு வாயைத் திறந்தவர்தான், நீ கிளம்பும்வரை மூடவில்லை. அடுத்த முறை வரும்போது எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் பெங்களூரு எஃப்சியின் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்ட அட்டவணையைப் பிரின்ட் எடுத்து வந்து எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டினாய். செப்டம்பர் 14, ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்குள் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார வேண்டும். 28ஆம் தேதி மோகன் பகான் ஆட்டத்துக்குள் வாக்கரைப் பிடித்து ஹால் வரை வந்தாக வேண்டும், வராவிட்டால் டிவி கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த எந்தச் சீட்டுக்கும் அப்பா அந்த மரியாதையைத் தந்ததில்லை.

டீமும் ஒத்துழைத்தது என்று சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் அகாடமியிலிருந்து வந்த பொடியன் வினித் வெங்கடேஷ் அடித்த ஒரே கோலில் வெற்றி, அடுத்து ஹைதராபாத்தை 3-0, அப்புறம் மோகன் பகானையும் அதே 3-0. அதற்கு முந்தைய சீசனில் பத்தாவது இடத்தில் முடித்த டீம் இது. மூன்று ஆட்டத்தில் ஏழு கோல், வாங்கியது பூஜ்யம். மூன்றாவது ஆட்டத்துக்கு அப்பா ஹாலுக்கு நடந்து வந்துவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு.

இனி கீழ்வீட்டுச் சேட்டனுக்கு. சேட்டா, நீங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் என்பதை நாங்கள் மன்னித்து ரொம்ப நாளாகிறது. டிசம்பர் 7ஆம் தேதி நீங்கள் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வந்தீர்கள், துணைக்கு ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ். இரண்டு கோல் பின்தங்கி 2-2 வரை கொண்டுவந்துவிட்டார்கள் உங்கள் ஆட்கள், அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்தேன். அப்புறம், முதல் கோலையும் அடித்திருந்த எங்கள் சேத்ரி 73ஆவது நிமிடம் ஒன்று, இஞ்சுரி டைமில் ஒன்று. 4-2. நாற்பது வயதில் ஹாட்ரிக், ஐஎஸ்எல்லில் அத்தனை வயதில் அதுவரை யாரும் அடித்ததில்லை. அப்பா டிவியைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வயசுல அவன் இந்த ஓட்டம் ஓடறான், என்னை ஒரு தடவை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலை எங்கள் வாசலில், உங்கள் அம்மா கடைசி வரை பயன்படுத்திய சக்கர நாற்காலி, டயருக்குக் காற்று அடித்து, மடித்து வைக்கப்பட்டிருந்தது. எதிரி டீமின் ஆட்டத்தைப் பார்க்க நாற்காலி தந்த ஒரே ரசிகர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

முதல் தடவை போனது ஜனவரி 11, முகமதன் ஆட்டம். அல்சூர் மெட்ரோவில் லிஃப்டில் மேலே ஏறி, கப்பன் பார்க்கில் பூமிக்கடியில் இறங்கி, மறுபடி லிஃப்டில் மேலே வந்தோம். வழிநெடுக அப்பா, "இந்த ஸ்டேடியம் இருக்கிற இடமே சம்பங்கி ஏரிடி, ஏரிக்குள்ளதான் பந்து விளையாடறானுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். (உண்மைதான். ஏரி முழுதும் போய், ஒரு குட்டைதான் பாக்கி.) ஸ்டேடியம் எதிரே ரோட்டைக் கடக்க முடியாமல் நான் திணறியபோது, இரண்டு கையையும் நீட்டி பஸ்ஸையே நிறுத்தி, "பன்னி அஜ்ஜா, பன்னி" (கன்னடத்தில் "வாங்க தாத்தா, வாங்க") என்று அழைத்த டிராஃபிக் போலீஸ்காரருக்கு நன்றி. உங்களுக்கு இது ஞாபகம்கூட இருக்காது.

உள்ளே போன பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் தெரிந்தது. மேலே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சக்கர நாற்காலிக்காரருக்கு மேல் வரிசையில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். முன்னால் படிகள், சிமென்ட் படிகள். அப்பா நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்போது நீல ஜெர்சியில் நான்கு பையன்கள். முகத்தில் சாயம், ஒருத்தன் தோளில் டோல் மேளம். "எங்கக்கா போகணும்?" என்று தமிழில் கேட்டான் ஒருத்தன். நான் கையைக் காட்டியதுதான் தெரியும், அடுத்த நிமிடம் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். ஊர்த் திருவிழாவில் சாமி தூக்குகிற மாதிரி, டோல்காரன் முன்னால் அடித்துக்கொண்டு போக, பக்கத்து வரிசைக்காரர்கள் எழுந்து வழிவிட, அப்பா இரண்டு கையாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனதை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

தம்பிகளா, அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டுக்கும் சேர்த்து நன்றி. "தாத்தா, நீங்க எந்த டீம்?" என்று சும்மா கேட்டீர்கள். அவர் "ஐ.டி.ஐ." என்றார். "ஐ.டி.ஐ.க்கு ஃபுட்பால் டீம் இருந்துச்சா?" என்று கேட்டீர்களே, அதுதான் தப்பு. இடைவேளை முழுக்கப் பாடம் எடுத்துவிட்டார். 1977ல் முதன்முதலாக நடந்த ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது எங்கள் தூரவாணிநகர் ஐ.டி.ஐ., ஃபைனலில் 1-0 என்று தோற்றது யார் தெரியுமா, மோகன் பகான். சேதி வந்த அன்று கேன்டீனில் பாயசம் போட்டார்கள், வேறு டிபார்ட்மென்ட்காரன் இவர் டம்ளரையும் எடுத்துக் குடித்துவிட்டான். அதற்கும் முன்னால் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் நம்ம பெங்களூர்க்காரர். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். டோல் அடிக்கிற தம்பி மட்டும் இடையில் ஒரு கொட்டாவி விட்டான், பரவாயில்லை, நான் முப்பது வருஷமாக விடுகிறேன்.

ஆட்டம்? 88ஆவது நிமிடம் ஒரு ஃப்ரீகிக், 0-1. மறுபடி ஜனவரி 22, ஒடிசா ஆட்டத்துக்குப் போனோம், கால் மணி நேரத்துக்குள் 2-0 என்று முன்னால் போய், கடைசியில் 2-3 என்று தோற்றார்கள். அன்றிரவு எங்களை ஏற்றிக்கொண்ட மர்ஃபி டவுன் ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. நாற்காலியை மடித்துப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, வீட்டு வாசல்வரை வந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

இரண்டு தடவை போய் இரண்டும் தோல்வி என்றதும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "என் ராசி சரியில்லை, இனி நான் வரலை." யார் சொல்லியும் கேட்கவில்லை. மார்ச் 11, கடைசி லீக் ஆட்டம், மும்பை சிட்டிக்கு ஒரு பாயின்ட் கிடைத்தால் பிளே-ஆஃப் (லீக் முடிந்து கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்று) என்ற நிலை. அப்பா வீட்டில்தான் இருந்தார். கன்டீரவா ஸ்டேடியத்தில் நாம் 0-2 தோல்வி. அன்றைக்குத்தான் அந்தத் தம்பிகளில் ஒருத்தன் எனக்கு ஃபோன் செய்தான்: "அக்கா, தாத்தாகிட்ட சொல்லுங்க, அவர் வராமலும் தோத்துட்டோம், ராசி கேஸ் தள்ளுபடி." இந்த வக்கீல் தம்பிக்குத் தனி நன்றி.

பிளே-ஆஃப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் இன்றுவரை சண்டை. பதின்மூன்று அணி, ஆளுக்கு 24 ஆட்டம், முடிவில் மோகன் பகான் 56 புள்ளியோடு, லீக்கில் முதலிடத்துக்குத் தரும் ஷீல்டை எடுத்தாயிற்று. நாம் 38 புள்ளியில் மூன்றாவது, நார்த்ஈஸ்ட்டுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும்கூட அதே 38தான். பதினெட்டுப் புள்ளி பின்னால் இருக்கிறவனுக்குக் கோப்பைக்கு இன்னொரு வாய்ப்பு எதற்கு என்பது என் கட்சி. "பரீட்சையில முதல் மார்க் வாங்கினவனைத் திரும்பவும் உட்காரவெச்சு எழுதச் சொல்ற மாதிரி இருக்கு" என்றேன். "வாயை மூடு, நாம மூணாவது" என்றார் அப்பா. முதல் இரண்டு பேர் நேராக அரையிறுதிக்கு, மூன்றும் ஆறும், நாலும் ஐந்தும் ஒரே ஒரு ஆட்டம், மேலே இருக்கிறவன் ஊரில். அதாவது மார்ச் 29, கன்டீரவா, அதே மும்பை.

மறுநாள் யுகாதி. வீட்டுக்காரம்மா, நீங்கள் சாயங்காலமே ஒபட்டு (நம்ம போளிதான்) தட்டி, நெய் தடவி, ஒரு டப்பாவில் போட்டு, "ஹப்பா (பண்டிகை) நாளைக்கு, ஆனா அஜ்ஜாவுக்கு இன்னைக்கே" என்று கொடுத்தனுப்பினீர்கள். பதினாலு ஒபட்டு. இந்தத் தடவை கீழ் வரிசைதான், டிக்கெட்டைத் தம்பிகளே எடுத்துவைத்திருந்தார்கள். ஒன்பதாவது நிமிடம் சுரேஷ் அடித்தான், அப்புறம் பெனால்டியில் எட்கர் மெண்டஸ், ரயன் வில்லியம்ஸ், இறங்கிய சேத்ரி, கடைசியில் பெரேரா தியாஸ். ஐந்து. 5-0. மூன்றாவது கோலுக்கு அப்பா நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். பிசியோ தங்கச்சி, நீ அங்கே இல்லையே என்று இருந்தது. வீடியோ அனுப்பினேன், பார்த்துவிட்டு "இடது கால்ல வெயிட் போடலை" என்று பதில் போட்டாய்.

கோவாவோடு முதல் அரையிறுதிக்கும் போனோம், 2-0. இரண்டாவது ஆட்டம் கோவாவின் ஃபட்டோர்டாவில், டிவியில். 88ஆவது நிமிடம் கோவா இரண்டாவது கோலைப் போட்டு மொத்தக் கணக்கை 2-2 ஆக்கியதும் அப்பா பி.பி. மாத்திரை கேட்டார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் சேத்ரி தலையால் முட்டி உள்ளே தள்ளியாயிற்று. மாத்திரை மேஜையிலேயே கிடந்தது.

ஃபைனல், ஏப்ரல் 12, கொல்கத்தா, மோகன் பகானோடு. அங்கே போக வழியில்லை என்பதால் தெருவுக்கே கொண்டுவந்தீர்கள். ப்ரொஜெக்டர் கொடுத்த டியூஷன் சென்டர் சாருக்கும், கரண்ட் கொடுத்த அயர்ன் கடை அண்ணனுக்கும், பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கிய எல்லாருக்கும் நன்றி. திரை கிடைக்கவில்லை என்றதும் அப்பா தன் எட்டு முழ வேட்டியை எடுத்துக் கொடுத்தார். சுவரில் ஆணி அடித்துக் கட்டினோம். பச்சைக் கரை சரியாக டச்லைன் மேல் வந்து விழுந்தது, ஒவ்வொரு த்ரோவும் வேட்டிக் கரையிலிருந்துதான் எறிந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் நம் கோல்கீப்பர் குர்ப்ரீத்தின் கோல்போஸ்ட் வளைந்தது.

49ஆவது நிமிடம் அவர்கள் ஆளே சொந்த கோல் போட்டுக்கொடுத்தான். தெருவே எழுந்தது. 72ல் நம் பக்கம் ஹேண்ட்பால், பெனால்டி, கம்மிங்ஸ். எக்ஸ்ட்ரா டைமில் மக்லாரன். 2-1, ஷீல்டும் கோப்பையும் ஒரே வருஷத்தில் அவர்களுக்கே. நியாயமாகப் பார்த்தால் என் கட்சிதான் ஜெயித்தது, ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. யாரும் பேசவில்லை. டோல் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா வாக்கரைப் பிடித்து அவன் பக்கம் நடந்துபோய், "விடுடா, எழுபத்தேழுலயே நாங்க பார்த்துக்கிட்டோம் அவனுங்கள" என்றார். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

சேட்டா, கடைசியாக உங்களிடம் ஒரு மன்னிப்பும். அப்பா இப்போது வாக்கரோடு தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார், அதனால் நாற்காலியைக் கழுவித் துடைத்து உங்கள் வாசலில் வைத்திருக்கிறேன். முதுகுப் பக்கம் அந்தப் பையன்கள் ஒட்டிய நீல பெங்களூரு ஸ்டிக்கர் மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் வரவில்லை.