பச்சை மரம் காய ஒரு கொட்டகை: கை கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். நம் கடைசல் பட்டறைக்குப் பொதுவாக ஒரு மரம் உலர்த்தும் கொட்டகை போட வேண்டும், அதற்கு நன்கொடை கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

காற்றில் சாய்ந்த மரம், கவாத்து செய்த கிளை என்று நல்ல கட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வைக்க இடமில்லாமல் அவை வெயிலில் கிடந்து வெடித்து விறகாகிவிடுகின்றன. கிண்ணமாக, பம்பரமாக, உளிப்பிடியாக ஆகியிருக்க வேண்டிய மரம் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஏன் வெடிக்கிறது? ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது, அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, அதனால் உருண்டைக் கட்டையாகவே விட்டால் எங்காவது பிளந்தே தீரும். வெட்டிய கையோடு நடுவே இரண்டாகப் பிளந்து மையத்தை நீக்கிவிட வேண்டும். வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக ஓடும் என்பதால் இரண்டு முனையிலும் மெழுகு பூச வேண்டும், இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. அப்புறம் நிழல், காற்றோட்டம், அடுக்குகளுக்கு இடையே ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம்.

கிண்ணத்துக்கு இன்னொரு வழி, பச்சையிலேயே முரட்டாகக் கடைந்து வைப்பது. சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் கோணினாலும் மறுபடி கடைந்து வட்டமாக்கிவிடலாம். காகிதப் பையில் போட்டு அவ்வப்போது எடை பார்த்தால் போதும், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பலகையாகக் காய வைத்தால் ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, மரத்தையும் காற்றையும் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

இந்தக் காத்திருப்புக்குத்தான் இடம் வேண்டும். ஒவ்வொருவர் வீட்டு மூலையிலும் இது நடக்காது, பொதுவில் ஒரு கூரை இருந்தால் எல்லோருக்கும் நடக்கும். சூரிய வெப்ப உலர்த்தியும் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், அது பிறகு. கனமான பச்சைக் கட்டையைச் சூட்டில் அவசரப்படுத்தினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிக்கும், அதனால் முதலில் நிழல்தான்.

பணமாகக் கொடுத்தால் கூரைக்கும் தரையை உயர்த்தவும் முதலில் போகும். பொருளாக என்றால் கூரைத் தகடு, ரீப்பர், பாரஃபின் மெழுகு, வேலை செய்கிற தராசு, ஈரம் அளக்கும் மீட்டர் எதுவானாலும் சரி. பூச்சி அரித்த மரமும் ஆணி அடித்த மரமும் மட்டும் வேண்டாம். வரவு செலவுக் கணக்கைப் பட்டறைச் சுவரிலேயே ஒட்டிவைப்போம். கொடுக்க முடியாதவர்களும் தங்கள் கட்டையைக் கொண்டுவந்து அடுக்கலாம், மரத்தின் பெயரும் வெட்டிய தேதியும் மேலே எழுதியிருந்தால் போதும். கொடுக்க நினைப்பவர்கள் குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ரசீது தருகிறோம்.