கனகத்தக்காவும் ஃப்ளாய்டு ஊர்க் கச்சேரியும்

ப்ளாக்ஸ்பர்க், வர்ஜீனியா
ஜூலை, சனிக்கிழமை

அன்புள்ள ஜெயா,

நலம், நலமறிய அவா. இத்தனை நாள் எழுதாததற்குப் பேத்திதான் சாக்கு. பல் முளைக்கிறது, வீட்டில் ஒருத்தரும் தூங்குவதில்லை. மாப்பிள்ளை தங்கம். மகளுக்கு என் ரசம் காரமாம், அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் சொல்கிறேன். உன் முழங்கால் எப்படி? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை புட்டியை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மன் கோயில் பாட்டுக் கோஷ்டியில் கனகத்தக்காவைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே? மங்கைதான் போனில் சொன்னாள். சுருதி சேரவில்லை, மைக்கில் அசிங்கமாகக் கேட்கிறது, பின்னால் உட்கார்ந்து கை தட்டினால் போதும் என்றாயாம். மங்கை ஒன்றைப் பத்தாகச் சொல்வாள், தெரியும். பாதியைக் கழித்துப் பார்த்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அன்றைக்கே எழுதியிருந்தால் கண்டபடி திட்டியிருப்பேன். நடுவில் நேற்று சாயங்காலம் ஃப்ளாய்டு போய் வந்தேன். அதனால் நிதானமாகத் திட்டுகிறேன்.

ஃப்ளாய்டு இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். ப்ளூ ரிட்ஜ் மலைமேல் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். அந்தக் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, முழுவதற்கும் ஒரே ஒரு சிக்னல் விளக்குதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது. 1910இலிருந்து இருக்கிற பலசரக்குக் கடை ஒன்று. 1980களில் கடை முதலாளியும் கூட்டாளிகளும் ராத்திரியில் உள்ளே உட்கார்ந்து வாசித்துப் பழகுவார்களாம். தெருவில் போகிறவர்கள் கதவைத் தட்டித் தட்டி உள்ளே வர, அதுவே வாராவாரம் நடக்கிற கச்சேரியாகிவிட்டது. முதலில் கொஞ்ச நேரம் ஏசுநாதர் பாட்டு, அப்புறம் ஆட்டம். குடி, சிகரெட், கெட்ட வார்த்தை மூன்றும் கூடாது. நம் ஊதுபத்தி வாத்தியார் வந்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பார்.

ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். செருப்புக்கு அடியில் தகடு அடித்திருக்கிறார்கள். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை, ஆனால் மரத்தளம் முழுக்கச் சடசடவென்று சத்தம். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தபாலாபீஸ் வரிசையில் நிற்பதுபோல இருக்கிறது! என்னையும் ஒரு தாத்தா கூப்பிட்டார். போகவில்லை. சிதம்பரத்தில் நடந்தது போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது உள்ளே நடந்ததை இல்லை, வெளியே நடந்ததை. கோடைக்காலத்தில் நடைபாதையிலும் சந்திலும் அங்கங்கே வட்டம் கட்டி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கையில் வாத்தியம் இருக்கிற யாரும் போய்ச் சேரலாம். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற பேராசிரியர், பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர், கூட வந்திருந்தார். எல்லாரும் சேர்ந்தே ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு போனால் அது பழைய மலைப்பாட்டு, ஆளுக்கொரு சுற்று தனியாக வாசித்தால் ப்ளூகிராஸ் என்றார். நாங்கள் நின்ற வட்டம் ப்ளூகிராஸ்.

இது சாமானிய வித்தை இல்லையடி. கென்டக்கியில் 1911இல் பிறந்த பில் மன்றோ என்ற மாண்டலின்காரர் உருவாக்கிய பாணி. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தோரு வயதுப் பையன் அவர் குழுவில் சேர்ந்து, மூன்று விரலில் நகக்கவசம் மாட்டிப் பான்ஜோவைப் பொரிய விட்டான். அன்றிலிருந்து வேகம்தான். நம் ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின். இது மரத்தில் செய்தது, இரண்டிரண்டாக எட்டுத் தந்தி. மிருதங்கம், தவில் எதுவும் இல்லாததால் எதிரடியை மாண்டலின்தான் 'சக், சக்' என்று வெட்டித் தருகிறது. பான்ஜோவில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தில் கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது, பெரும்பாலும் அழுத்தாமல் ஒரே சுரத்தில் அடிக்கிறார்கள். நம் சுருதி அங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

வட்டத்தில் ஒரு பொடியன். பான்ஜோவில் பறந்தான். அவன் சுற்று முடிந்ததும் பக்கத்தில் இருந்த நரைத்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தான். அந்த அம்மாள் கையில் பிடில். விரல் மடங்கவில்லை, வில் நடுங்குகிறது, சுருதி கொஞ்சம் கீழே. உன் காதுக்கு எட்டியிருந்தால் எழுந்தே போயிருப்பாய். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? மாண்டலின்காரர் வெட்டைச் சன்னமாக்கினார். கிட்டார்க்காரர் தந்தியைத் தடவுகிற மாதிரி வாசித்தார். பான்ஜோவைப் பையன் கிட்டத்தட்ட நிறுத்தியேவிட்டான். அந்த அம்மாளின் பிடில் கேட்க வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாரும் இறங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆளுக்கு இஷ்டமில்லை, தலையை ஆட்டினார், முறை தாண்டிப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஆரம்பித்தவர் ஒரு காலைத் தூக்கினார், அந்தச் சுற்றோடு எல்லாரும் சேர்ந்து நிறுத்தினார்கள்.

"அது தெருப் பாட்டு, இது அம்மன் சன்னதி" என்பாய். மேடை ஏறினால் அவர்களும் தேர்ந்தெடுத்துத்தான் ஏற்றுகிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உன் கோஷ்டி என்றைக்கு மேடை ஆனது? அந்தச் சவுண்டு பெட்டி வந்த பிறகுதானே? மைக் யார் வாய்க்கு முன்னால் இருக்கிறது, நானே சொல்லட்டுமா?

ஜெயா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அபிராமி அந்தாதி நூறு பாட்டையும் புத்தகம் பார்க்காமல் சொல்ல நம் தெருவில் அக்காவை விட்டால் யார் இருக்கிறார்கள்? உனக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தது யார்? வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் தவிர அவள் வாய் திறந்து பேச வீட்டில் ஓர் ஆள் கிடையாது. பிள்ளை போன பிறகு அவள் எத்தனை மாதம் வெளியே வராமல் இருந்தாள் என்று உனக்குத் தெரியாதா? கையைப் பிடித்துக் கோஷ்டிக்கு இழுத்து வந்ததே நீதானே.

மைக்கை எடுத்து மூட்டை கட்டு. வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்றை மட்டும் நடுவில் வை. முதல் அடியை அக்கா எடுக்கட்டும், நீங்கள் எல்லாரும் குரலைக் குறைத்துப் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். சுருதி எங்கே போனாலும் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தபாலில் போட்டால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். அதனால் இதை மகள் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். முதல் வெள்ளிக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுது. வாட்ஸப்பில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் அனுப்பினால் அது பதிலில் சேராது.

உன்
சரசு