உரச்சாக்கில் புத்தகம் கொண்டுவரும் அண்ணனுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் மன்னார்குடிப் பக்கம் யாருக்கும் ஓய்வில்லை. சம்பாவில் களை பறிக்கணும், தேங்கிய தண்ணீரை வடிய விடணும், வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போடணும். மழை விடுமுறையில் பிள்ளைகள் திண்ணையில் சும்மா கிடப்பார்கள். அப்போதுதான் நீங்கள் சைக்கிளில் வருகிறீர்கள். உரச்சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் புத்தகங்கள். கிழிந்த அட்டைகளுக்கு நீங்களே பசை தடவி காடாத்துணி ஒட்டியிருக்கிறீர்கள்.

1931-இல் இங்கே மேலவாசலில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கிய கனகசபைப் பிள்ளையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதும் நீங்கள்தான்.

போன வாரம் வாய்க்காலில் இறங்கி எங்களோடு ஆகாயத்தாமரையும் அள்ளினீர்கள். அதற்குத் தனியாக நன்றி. பெயர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். சரி, கேட்கவில்லை. என் மகள் அந்தக் கதையின் இரண்டாம் பாகம் கேட்கிறாள், மறந்துவிடாதீர்கள் அண்ணே.