1950-ல் பிரேசிலுக்குப் போகாதது யார் முடிவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் வந்த உலகக் கோப்பைக் கால்பந்துக் கட்டுரையில், வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று ஃபிஃபா தடுத்ததால்தான் 1950-ல் போட்டி நடந்த பிரேசிலுக்கு இந்தியா போகவில்லை என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கதை எங்கிருந்தாவது கிளம்பிவிடுகிறது.

தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த அணிகள் விலகிக்கொண்டதால் ஒரு மேட்ச்கூட ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் நம் பேரும் இருந்தது, பயணச் செலவில் பெரும்பகுதியைத் தருகிறோம் என்று பிரேசில்காரர்களே சொன்னார்கள், அப்படியும் போகவில்லை என்றால் அது நம் கால்பந்துச் சம்மேளனம் எடுத்த முடிவு. அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. வெறுங்கால்தான் பிரச்சினை என்றால் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு எப்படி இறங்கினார்கள்? ரெண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டும் பிரான்ஸிடம் 2-1 என்றுதானே தோற்றோம்!

ஏற்காட்டில் சாயங்காலம் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது, செருப்பைக் கழற்றி கோல்கம்பத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு ஆடுவார்கள். உங்கள் கட்டுரையைப் படித்த ஒருத்தன், "ஷூ இல்லேன்னா நம்மளையும் சேர்க்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டான். அதிகாரிகள் செய்த தப்பை ஆட்டக்காரன் காலில் கட்டிவிடுகிற கதை இது, அதுவும் இந்தப் பிள்ளைகள் காதில் விழுகிறது, அதனால்தான் இவ்வளவு வருத்தத்தோடு எழுதுகிறேன்.

வெறுங்காலைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால் 1952-ஐ எழுதுங்கள். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், அந்தக் குளிரில், யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்தெடுத்தது. அதற்குப் பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. சரி, அப்புறம் என்ன ஆனது? நாலே வருஷத்தில் மெல்போர்னில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனோம். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய நாடு ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. கடைசியில் நாலாவது இடம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் அந்த ஊரே நம் மேல் கோபமாக இருந்தது, கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கத்தியது. முதல் மேட்சில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றிருந்தோம். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை, தடுப்பாட்டக்காரரை, பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதிப் போட்டியில் அதே தென் கொரியா, பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2-1, தங்கம். கோலுக்கு முன்னால் நின்றவர் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்த பீட்டர் தங்கராஜ். ரஹீம் அப்போதே புற்றுநோயோடு இருந்தார், அடுத்த வருஷம் இறந்துவிட்டார்.

கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனைத் தெரியாத பையன் எங்கள் மாவட்டத்தில் இல்லை, அதில் எனக்கும் பெருமைதான். தங்கராஜ் பேரைக் கேட்டால் முழிக்கிறார்கள். உங்களைப் போன்ற பத்திரிகைகள் எழுதாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். ஜகார்த்தா அணியைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரையும் கேட்கிறேன், படத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.